மூக்கு சொல்லட்டும்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. யாரும் வரல, காலி சீட்டுதான். என்னமோ இன்னைக்கு எனக்கு யோகம். சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூர் சில்க் போர்டுல ஏறினா ஓசூர் வரைக்கும் ஒத்தக் கால்லதான் நிக்கணும். இன்னைக்கு ஏறிப் பாத்தா, பின்னாடி நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க, இங்க மட்டும் ரெண்டு வரிசை காலி. ஜனங்க மனசுல என்ன ஓடுதுன்னே புரியறதில்ல. முன்சீட்டுல அந்தம்மா மட்டும் காலடியில கூடைய வச்சு, மேல சாக்கைப் போட்டு மூடிக்கிட்டு, தேமேன்னு உக்காந்திருக்கு. அது பாட்டுக்கு அது, நாம பாட்டுக்கு நாம.

என்ன, கர்ச்சீப்பை மூக்கை விட்டு எடுக்கவே மாட்டேங்கிறீங்க? சளியா? இந்த ரோட்டுத் தூசி அப்படி. கண்டக்டரைப் பாருங்க, அவரும் துண்டை மூஞ்சியில கட்டிக்கிட்டுத்தான் டிக்கெட் கிழிக்கிறாரு. மேம்பால வேலை ஆரம்பிச்சதுலேர்ந்து ஊரே இப்படித்தான்.

இந்தப் பை மட்டும் காலுல படாம பாத்துக்குங்க. உள்ள ஒரு பாட்டில் இருக்கு. அட, அப்படிப் பாக்காதீங்க. நான் குடிகாரன் இல்ல. அதை மொதல்லயே சொல்லிடறேன். குடிக்கிறவன் வேற, ருசி பாக்கிறவன் வேற. இது பீருதான், ஆனா கடையில விக்கிற பீரு இல்ல. என் சிநேகிதன் காய்ச்சினது. எனக்குன்னு தனியா ஒரு பாட்டில் நிரப்பிக் குடுத்தான். அத்திப்பள்ளி வரைக்கும் இது நம்ம பாட்டிலு. செக்போஸ்ட் தாண்டிட்டா கடத்தல். அந்த ஊரு சரக்கு இந்த ஊருக்கு வரக் கூடாது. என்னைக்காவது வண்டியில ஏறிப் பாப்பாங்க. அதான் யோசிச்சுக்கிட்டே வர்றேன், என்ன பண்றதுன்னு.

நீங்க எதுவரைக்கும்? சேலமா? அப்ப நல்லாத் தூங்கிக்கிட்டே போகலாம். சந்தாபுரத்துல எப்படியும் மாட்டிக்கும், பாருங்க, இப்பவே ஊர ஆரம்பிச்சுடுச்சு.

என் பேரு சிங்காரவேல். ஓசூர்ல ஒரு கம்பெனியில பெயின்ட் செக்‌ஷன்ல இன்ஸ்பெக்டரா இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனேன். ஆனா எங்க செட்டுல யாரும் என்னை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. மூக்கு. அவ்வளவுதான். 'மூக்கு வந்தாச்சா', 'மூக்குக்கு போன் போடு'. என் வீட்டுக்காரி புஷ்பலதா மொதல்ல கேட்டப்ப சண்டைக்கே போயிட்டா, என்ன மரியாதை இல்லாமன்னு. அப்புறம் ஒரு நாள் நேர்ல பாத்தா. அதோட சண்டையை விட்டுட்டா. அவளுக்கே பெருமைதான்.

சொல்றேன் கேளுங்க. எங்க செட்டுல ஒரு முறை உண்டு. கண்ணாடி கிளாஸ் கிடையாது. கண்ணாடியில ஊத்தினா நிறத்தைப் பாத்து ஆளாளுக்கு அளப்பான். இது கறுப்பா இருக்கு, சாக்லேட்டு. இது மஞ்சளா இருக்கு, கோதுமைன்னு. எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தினா எல்லா பீரும் ஒண்ணுதான். நுரைய வழிச்சுட்டு ஆளுக்கொரு டம்ளர் முன்னாடி வைப்பாங்க. யாரும் தொட மாட்டாங்க. 'மூக்கு சொல்லட்டும்'னு அருளப்பன் சொல்லுவான், இந்த பாட்டிலைக் குடுத்த சிநேகிதன். நான் எடுப்பேன், மோந்து பாப்பேன், ஒரு வார்த்தை சொல்லுவேன். ஒரே வார்த்தைதான். ரெண்டு சொன்னா வழவழா. அதுக்கப்புறம்தான் மத்தவங்க டம்ளரைத் தூக்கணும். கோயில்ல தீபாராதனை ஆகாம யாராவது பிரசாதத்துல கை வைப்பாங்களா? அந்த மாதிரி.

ஒரு தடவை பெங்களூர் உள்ள பெரிய கடை ஒண்ணு. 'கொத்தமல்லி'ன்னேன். பச்சைத் தழை இல்ல, விதை. உள்ளேர்ந்து காய்ச்சுறவர் ஓடி வந்துட்டாரு, யாருங்க உங்களுக்குச் சொன்னதுன்னு. இன்னொரு கடையில 'துணி சோப்பு'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. போய்ப் பாத்தா குழாயைக் கழுவினவன் சரியா அலசல. அன்னைக்கு அந்த முதலாளி என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. நாப்பது வயசுக்கு மேல எனக்குக் கெடச்ச பேரு தம்பி இது. கம்பெனியில நான் வெறும் பேட்ஜ் நம்பரு. வீட்டுல வெறும் மாச சம்பளம். அந்த டம்ளர் முன்னாடிதான் நான் ஒரு ஆளு. அது இல்லேன்னா நான் யாரு, சொல்லுங்க?

அருளப்பன் எங்க கம்பெனிதான். எனக்கு ரெண்டு மேஜை தள்ளி. நாங்க ரெண்டு பேரும், லோகநாதன்னு பேங்குல இருந்த ஒருத்தனும், எங்களுக்கு ஞாயித்துக்கிழமைன்னா எல்லை தாண்டுறதுதான் வேலை. நம்ம பக்கம் கதைதான் உங்களுக்கே தெரியுமே. கம்பி வலை, அதுல ஒரு ஓட்டை. என்ன பீரு இருக்குன்னு கேட்டா உள்ள இருக்கிறவரு நிமிந்து பாப்பாரு. 'கூலிங் இருக்கு, கூலிங் இல்லாதது இருக்கு.' ரகம் அவ்வளவுதான். அந்தாளு மேல தப்பில்ல. பின்னாடி நிக்கிறவன் கையை நீட்டிக்கிட்டே நிக்கிறான், இவன் வந்து கோதுமை பீரு இருக்கா, அதுல என்ன பூ போட்டிருக்குன்னு கேட்டா யாருக்குத்தான் எரிச்சல் வராது.

நம்ம ஊருலயே ஒரு சின்னக் கடை போட்டு, நாமளே காய்ச்சி, நாலு பேருக்கு நல்ல பீரைக் காட்டணும்னு அருளப்பனுக்கு ஆசை. எங்கெங்கயோ விசாரிச்சான். நம்ம பக்கம் அந்த மாதிரிக் கடைக்கு வழியே இல்லைன்னுட்டாங்க. அங்க வழி உண்டு. வேலையை விட்டுட்டு வந்த பணத்தைப் பூரா கொட்டி எல்லைக்கு அந்தாண்ட போட்டான். 'ரெண்டு ஏரி'ன்னு பேரு. போர்டுல தமிழ்லயும் எழுதி வச்சான் பாவி. கன்னடத்துக்குக் கீழ, சின்னதா.

காய்ச்சுறதுக்கு ஒரு பொண்ணு. மிருதுளா, கோயம்புத்தூர்ப் பொண்ணு. வெளியூர் போயி இதுக்குன்னே படிச்சுட்டு வந்தது. நல்ல பொண்ணுதான். ஆனா படிச்சது புத்தகம். நான் படிச்சது மூக்கு. ஒவ்வொரு டேங்கும் திறக்கும்போது அவ ஊத்துவா, நான் மோப்பேன், அருளப்பன் என் வாயைப் பாத்துக்கிட்டு நிப்பான். நான் தலையை ஆட்டினாத்தான் குழாயைத் திறப்பான். அவ்வளவு நம்பிக்கை.

அதுக்கப்புறம் எல்லாம் கெட்டுப் போச்சு தம்பி. எதுன்னு கேட்டா, எல்லாமேதான். ஊருல இருக்கிற ஒரு கடை பாக்கியில்ல. எங்க போனாலும் பீரு பச்சத்தண்ணி. கசப்பு இருக்கு, நுரை இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல. அந்தக் காய்ச்சல் வந்துச்சே, ஊரையே போட்டுப் புரட்டுச்சே, அதுக்கப்புறம்தான் இப்படி. ஆளு கிடைக்கல, நல்ல தானியம் கிடைக்கல, மிச்சம் பிடிக்கிறான். பீரு மட்டுமா? மல்லிப்பூ கூட முன்ன மாதிரி இல்ல. புஷ்பலதா தலை நிறைய வச்சுக்கிட்டுப் பக்கத்துல உக்காருவா, பேப்பர்ல செஞ்ச பூ கணக்கா இருக்கும். மருந்து அடிச்சு அடிச்சு வளக்கிறான், வாசனை எங்கேர்ந்து வரும்?

எனக்கும் வந்தது அந்தக் காய்ச்சல். ரெண்டு வாரம் ஒரு வாசனையும் தெரியல. அப்புறம் வந்துடுச்சு. வந்துடுச்சுன்னா, காலையில காபி குடிச்சேன், காபி மாதிரிதான் இருந்துச்சு. கசப்பா, சூடா. வேற எப்படி இருக்கும்? ஆனா வீட்டுல அவ விட மாட்டா. எதை எடுத்தாலும் 'உங்களுக்குத் தெரியலையா, உங்களுக்குத் தெரியலையா'. பால் அடிப்பிடிச்சா, நான் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேனாம், தெரியலையாம். பேப்பர் படிக்கிறவன் பாலையா பாத்துக்கிட்டிருப்பான்? முந்தா நாள் கொழம்பைச் சாப்புட்டுட்டேன், ஊசிப் போயிருந்துச்சாம். வயித்தால போச்சு. அது தண்ணி சேரல. கேஸ் அடுப்பைத் திறந்து வச்சுட்டு நான் தூங்கிட்டேன்னு ஒரு நாள் ஆர்ப்பாட்டம். அன்னையிலேர்ந்து சமையக்கட்டுக்குள்ளயே என்னை விடறதில்ல. டாக்டர்கிட்ட போகலாம் வாங்கன்னு கையைப் பிடிச்சு இழுக்கிறா. என் மூக்கை ஒருத்தன் டார்ச் அடிச்சுப் பாக்கிறதா? கொத்தமல்லி விதைன்னு சொன்ன மூக்கு தம்பி இது.

சரி, விடுங்க. நான் சொல்ல வந்தது தேர்தல் கதை.

பீருக் கடையை மூடச் சொல்ற மத்த லீவு நாளைப் பத்தியெல்லாம் நான் ஒண்ணும் சொல்லல. பெரியவங்க பேர்ல விடற லீவு, ஒரு நாளு, வாயை மூடிக்கிட்டு இருந்துட்டுப் போறோம். ஓட்டு இருக்கே, அதுதான் கொடுமை. நம்ம பக்கம் ஒரு தேதியில ஓட்டு, அந்தப் பக்கம் ஒரு தேதியில. நம்ம பக்கம் ஓட்டுன்னா அந்தப் பக்கம் எல்லையோர மாவட்டத்துக் கடையையும் மூடச் சொல்லிடறாங்க, நாமெல்லாம் அங்க போயிடுவோம்னு. அங்க ஓட்டுன்னா அங்க எப்படியும் மூடுவாங்க. ஆக, அங்க கடை வச்சவன் ரெண்டு தடவை மூடணும். ஓட்டுப் போடறது என்னவோ ஒரு தடவைதான்.

ரெண்டாவது மூடல். ஓட்டுக்கு முன்னாடி சாயங்காலம் அதிகாரிங்க வந்தாங்க. குத்தம் சொல்லக் கூடாது, மரியாதையாத்தான் பேசினாங்க, மோர் குடுத்தோம், குடிச்சாங்க. டேங்க் இருக்கிற ரூமைப் பூட்டி, காகிதம் ஒட்டி, அரக்கு வச்சுட்டுப் போயிட்டாங்க. சட்டம் அது. மறுநாள் மத்தியானம் கரன்ட் போச்சு. வந்துச்சு. ஆனா குளிர்ப்பெட்டி மிஷின் திரும்ப ஓடல. உள்ள போயி ஒரு பட்டனை அமுக்கினாப் போதும். உள்ள எப்படிப் போறது? சீலை உடைச்சா லைசென்ஸ் போயிடும். கதவுல ஒரு சின்னக் கண்ணாடி. அது வழியாப் பாத்தா சிவப்பு லைட்டு எரியுது. போன் மேல போன் போட்டான் அருளப்பன். எல்லாரும் தேர்தல் வேலையில, யாரு வருவா? வெளியில அனல். அவன் அந்தக் கதவு முன்னாடி ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து, அந்த லைட்டையே பாத்துக்கிட்டிருந்தான். ஐ.சி.யூ. வாசல்ல உக்காந்திருக்கிற மாதிரி.

சீலைப் பிரிச்சது சனிக்கிழமை. அன்னைக்குச் சாயங்காலம் ஒரு கம்பெனிக்காரங்க மொத்தக் கடையையும் எடுத்திருந்தாங்க. மாம்பழம் போட்டுக் காய்ச்சினது, அதுக்குன்னே ஒரு டேங்க். மிருதுளா ஒரு வாய் எடுத்தா, துப்பினா. 'அருள் சார், சிக்கு வாடை அடிக்குது. பழைய வெண்ணெய் மாதிரி. இதை விக்கக் கூடாது, கொட்டிடலாம்'னா. அருளப்பன் மூஞ்சி செத்துப் போச்சு. அவனும் மோந்து பாத்தான். அவனுக்கு அவன் மூக்கு மேல எந்தக் காலத்துல நம்பிக்கை இருந்துச்சு? என் பக்கம் திரும்பினான். 'மூக்கு சொல்லட்டும்'னான்.

டம்ளரை எடுத்தேன். அவசரப்படல. நல்லாத் தம் கட்டி மோந்தேன். ஒரு தடவை, ரெண்டு தடவை. ஒண்ணுமில்ல தம்பி. ஒரு குத்தம் இல்ல. வெண்ணெயும் இல்ல, சிக்கும் இல்ல. கிணத்துத் தண்ணி மாதிரி இருந்துச்சு. 'சுத்தம்'னேன்.

அந்தப் பொண்ணு, 'அங்கிள், ப்ளீஸ், இன்னொரு வாட்டி பாருங்க'ன்னு கெஞ்சுது. இன்னொரு வாட்டியும் பாத்தேன். 'சுத்தம்'னு சொன்னா சுத்தம்தான்னேன். கொஞ்சம் குரலை உசத்திட்டேன்னு வச்சுக்குங்களேன். அருளப்பன் குழாயைத் திறந்துட்டான்.

சாயங்காலம் என்னாச்சுன்னா... மொத ரவுண்டு போச்சு. ஒரு மேஜையில ஒருத்தி, 'என்ன இது, ஊசிப்போன மோரு மாதிரி'ன்னா. அவ்வளவுதான். ஒருத்தி சொன்னா ஒம்பது பேருக்கு அப்படியே தோணும், ஜனங்க அப்படி. எல்லா மேஜையிலேர்ந்தும் திரும்பி வருது. ஒரு பையன் பாத்ரூமுக்கு ஓடினான். இன்னொருத்தன் போன்ல படம் பிடிச்சு, சிரிச்சுச் சிரிச்சுப் பேசி, அதை ஊருக்கெல்லாம் அனுப்பிட்டான். அருளப்பன் மேஜை மேஜையாப் போயி கையெடுத்துக் கும்பிட்டான். நான் கல்லா பக்கத்துல நிக்கிறேன். என்னைத் தாண்டித் தாண்டித்தான் போறான். திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

அந்த சீல் வைக்கலேன்னா இது நடக்குமா? சொல்லுங்க. அதைக் கேக்க ஆளில்ல. மிருதுளா மொதல்லயே சிக்கு சிக்குன்னு சொன்னதை பரிமாறுற பசங்க கேட்டுட்டாங்க, அவங்க மூஞ்சியைப் பாத்து வந்தவங்களுக்கும் சந்தேகம் வந்துடுச்சு. அதை யோசிக்க ஆளில்ல.

கடை படுத்துடுச்சு. அப்புறம் சனிக்கிழமை ராத்திரியில கூட ஈதான் ஓட்டினாங்க. மூடிடுவான்னு லோகநாதன் சொன்னான். அந்தப் பொண்ணு போயிடும்னு நான் நெனச்சேன். போகல. சம்பளம் வாங்காமக் கூட இருந்துச்சுன்னு கேள்வி. திரும்பக் காய்ச்சினாங்க, கொஞ்சம் கொஞ்சமா ஆளு வர ஆரம்பிச்சுது. அதெல்லாம் சந்தோஷம்தான். எனக்கு வருத்தம் வேற.

நான் போவேன். என் நாற்காலி இருக்கும். டம்ளரும் வைப்பாங்க. ஆனா நான் டம்ளரைக் கையில எடுக்கிறதுக்குள்ள லோகநாதன் பாதி குடிச்சிருப்பான். அருளப்பன் வேற எதையோ பேச ஆரம்பிச்சுடுவான், மழை, பெட்ரோல் விலைன்னு. 'மூக்கு சொல்லட்டும்'னு யாரும் சொல்றதில்ல. நானா மோந்து, நானா ஒரு வார்த்தை சொல்லுவேன். 'ம்ம்'னுவாங்க. சின்னப் பிள்ளைங்க படம் வரைஞ்சு காட்டினா 'நல்லாருக்கு'ன்னு சொல்லுவோம் பாருங்க, அந்த 'ம்ம்'. ஒரு நாள் எழுந்துட்டேன். இவ்வளவு வருஷப் பழக்கத்துக்கு இதுதான் மரியாதையா, இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டு வந்துட்டேன். வந்து வீட்டுல உக்காந்தேன். எவ்வளவு நாள் டிவியே பாத்துக்கிட்டிருப்பீங்க? சாப்பாடு இறங்கல. எதைச் சாப்பிட்டாலும் அட்டை மாதிரி இருக்கு. புஷ்பலதா பாத்துக்கிட்டே இருந்தா. அருளப்பனுக்கு அவதான் போன் பண்ணியிருப்பான்னு நெனக்கிறேன். ரொம்ப நேரம் மாடியில நின்னு பேசிக்கிட்டிருந்தா ஒரு நாள்.

இன்னைக்குக் காலையில அருளப்பன் கூப்பிட்டான். 'மூக்கு, புது டேங்க் திறக்கிறோம், நீ வந்தாத்தான் திறப்போம்'னான். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு! சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு ஓடினேன்.

போனா, எல்லாரும் உக்காந்திருக்காங்க. அருளப்பன், லோகநாதன், மிருதுளா. அதே எவர்சில்வர் டம்ளரு, தேய்ச்சுப் பளபளன்னு. ஊத்தினா. நுரையை வழிச்சா. யாரும் தொடல. லோகநாதன் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான் தம்பி, லோகநாதன்! 'மூக்கு சொல்லட்டும்'னான் அருளப்பன்.

எடுத்தேன். மோந்தேன். இப்ப இந்தக் காலத்து பீரு எப்படின்னுதான் சொன்னேனே, ஒண்ணும் பிடிபடல. ஒரு வாய் வச்சேன். நல்ல கசப்பு. மூக்குன்னா வெறும் மூக்கு இல்ல தம்பி, மூளையும் சேந்ததுதான். யோசிச்சேன். என்ன சீசன் இது? அந்தக் கெட்டுப்போன மாம்பழத்தை இவன் திரும்பக் காய்ச்சாம விடுவானா? 'மாம்பழம்'னேன்.

லோகநாதன் திரும்பி அருளப்பனைப் பாத்தான். அப்புறம் மிருதுளாதான் மொதல்ல, 'கரெக்ட் அங்கிள், மாம்பழம்தான்'னா. சொல்லிட்டு, அடுப்புல ஏதோ இருக்குன்னு விறுவிறுன்னு உள்ள போயிடுச்சு. அந்தப் பொண்ணுக்கு இப்பத்தான் என் அருமை புரிஞ்சிருக்கு. லோகநாதன் கை தட்டினான். அருளப்பனும் தட்டினான். தட்டிக்கிட்டே இருக்கான், நிறுத்தவே இல்ல, கண்ணுல தண்ணி. எனக்கும் தண்ணி வந்துடுச்சு. அத்தனை பேரும் அதுக்கப்புறம்தான் டம்ளரைத் தூக்கினாங்க. என் சொல்லுக்கு அப்புறம். கேட்டீங்களா? அப்புறம்தான்.

கிளம்பும்போது அருளப்பன் இந்த பாட்டிலை நிரப்பிக் குடுத்தான். பஸ் ஏறுற வரைக்கும் கூடவே வந்தான். தோள்ல கை போட்டுக்கிட்டு. 'அடுத்த டேங்குக்கும் வந்துடணும்'னான்.

ஒண்ணே ஒண்ணுதான். வெளிய வரும்போது வாசல்ல கரும்பலகை, இன்னைக்கு என்ன பீருன்னு எழுதி வைப்பாங்க பாருங்க, அதுல 'காபி'ன்னு எழுதியிருந்துச்சு. காபிக்கொட்டை கூட ஒண்ணு வரைஞ்சிருந்தது. பழைய போர்டா இருக்கும். மாத்த மறந்திருப்பாங்க. அந்தப் பொண்ணு எப்பவும் அப்படித்தான், போர்டை மாத்தாது.

அப்படித்தானே இருக்கும்?

அத்திப்பள்ளி வந்துடுச்சு பாருங்க. அதோ, லாரி வரிசை கட்டி நிக்குது. செக்போஸ்ட்டுதான். எப்படியும் இதைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது. ஜன்னல் வழியா ஊத்திட வேண்டியதுதான். புஷ்பலதாகிட்ட காட்டலாம்னு இருந்தேன்.

ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு உபகாரம் பண்ணுவீங்களா தம்பி? குடிக்க வேணாம். மோந்து மட்டும் பாருங்க. கர்ச்சீப்பை எடுங்க. ஏன் இப்படி மூஞ்சியைச் சுளிக்கிறீங்க, இன்னும் மூடியையே திறக்கலையே. இருங்க, மூடியைப் பிடிச்சிருக்கிற இந்தக் கம்பி கொஞ்சம் இறுக்கம். ஆங். பாட்டிலை மூக்குகிட்ட கொண்டு போங்க. இன்னும் கிட்ட. எதையும் யோசிக்காதீங்க. நான் சொன்ன மாம்பழத்தையும் மறந்துடுங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.

காபியா?

இல்ல, நல்லாப் பாருங்க. போர்டு கதைய நான் சொன்னதுனால உங்களுக்கு அப்படித் தோணும். ஜனங்களுக்கு அப்படித்தான் தோணும்னு சொன்னேன்ல. கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க.

வறுத்த காபிக்கொட்டைங்கிறீங்க.

ம்.

ஃபில்டர் திறந்த மாதிரி. அவ்வளவு பலமாவா? சரி. சரி, குடுங்க. மூடிடறேன்.

அருளப்பன் கண்ணைத் துடைச்சுக்கிட்டே கை தட்டினான் தம்பி. நான் சந்தோஷத்துலன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு அடுப்புல ஏதோ இருக்குன்னுச்சு. அந்த நேரத்துல அங்க அடுப்பே எரியாது.

அந்தம்மா எழுந்திரிக்குது. இங்கதான் இறங்குது போல. வழி விடுங்க, கூடை பெருசா இருக்கு. பாத்தும்மா, மெதுவா.

பின்னாடி நின்னவங்கள்லாம் இப்ப முன்னாடி வர்றாங்களே. கண்டக்டரும் துண்டை அவுத்துட்டாரு. தூசி அடங்கிடுச்சோ? நீங்களும் கர்ச்சீப்பை உள்ள வச்சுட்டீங்க.

தம்பி, ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லணும். அந்தக் கூடையில என்ன இருந்துச்சு?

கருவாடா.

நான் ஏறினதுலேர்ந்தா? சில்க் போர்டுலேர்ந்து இங்க வரைக்குமா?

இவ்வளவு நேரம் அதை மோந்துக்கிட்டு, நான் பேசினதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்களா. நீங்களும் ஒண்ணும் சொல்லலையே தம்பி.